வேலூரில் யார் புத்தகம் படிக்கிறார்கள்?

நீங்கள் கேட்டதை ஒரு தடவை சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். வங்கி வேலையில் கோவையிலிருந்து வேலூருக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆகிறது. கோட்டை, வெயில், பிரியாணி எல்லாம் பார்த்தாகிவிட்டது. இலக்கியம் பேச ஓர் ஆள் அகப்படவில்லை. தஞ்சைக்கும் நெல்லைக்கும் நாஞ்சில் நாட்டுக்கும் கொங்குக்கும் இருக்கிற மாதிரி ஓர் எழுத்து மரபு இந்த வட்டாரத்துக்கு உண்டா, வாசிக்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள், எதில் தொடங்கலாம் என்பது உங்கள் கேள்வி.

இருக்கிறார்கள் தம்பி. நான் யூகத்தில் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருஷம் காட்பாடியில் தபால் பிரிக்கும் வேலை பார்த்தவன் நான். ராத்திரி ரயிலில் பை வந்து விழும். குழிகுழியாக இருக்கும் அலமாரியின் முன்னால் நின்றுகொண்டு ஊர்வாரியாகக் கடிதங்களை வீச வேண்டும். பெரிய வாரப் பத்திரிகைகள் ஏஜென்டுகளுக்குக் கட்டுக்கட்டாகத் தனியாகப் போய்விடும். எங்கள் கைக்கு வருவது சந்தாதாரர்களின் பிரதி. அதிலும் பழுப்புத்தாள் சுற்றி, பசை சரியாக ஒட்டாமல், முகவரியைக் கையாலேயே எழுதி வருகிற சிற்றிதழ்கள். குடியாத்தத்தில் ஒரு லுங்கிக் கடைக்காரர், பேரணாம்பட்டில் தோல் கம்பெனிக் கணக்குப்பிள்ளை ஒருவர், ஆரணியில் பட்டுத்தறி ஓட்டுகிறவர், ஒடுகத்தூரில் ஒரு டீச்சர். ஒரே இதழுக்கு இந்த நாலு பேரும் வருஷக்கணக்கில் சந்தா கட்டினார்கள். ஒருவரை ஒருவர் அவர்களுக்குத் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். முகவரியின் கடைசியில் 'வ.ஆ. மாவட்டம்', அதாவது வட ஆற்காடு என்று இருக்கும். 1989-இல் திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. இப்போது வடாற்காடு என்று எந்த அரசாங்கத் தாளிலும் மாவட்டம் கிடையாது. நான் இந்தப் பதிலில் அந்தப் பழைய மாவட்டம் முழுவதையும் ஒரே ஊர் மாதிரிதான் பேசப்போகிறேன். பழக்கதோஷம்.

(ரேப்பர் தளர்ந்து வந்த இதழ்களில் நாலு பக்கம் படித்துவிட்டு மறுபடி ஒட்டி அனுப்பியிருக்கிறேன். அது குற்றம். ஓய்வு பெற்று நாளாகிவிட்டது, சொல்லலாம்.)

அப்படியானால் ஏன் உங்கள் கண்ணில் ஒருவரும் படவில்லை? நீங்கள் புத்தகக் கடையையும் வெளியீட்டு விழாவையும் தேடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டும் இங்கே குறைவுதான், மறுக்கவில்லை. பள்ளிப் பாடநூலும் நோட்ஸும் விற்கிற கடைகளில் இலக்கியத்துக்கு ஒரு தட்டு ஒதுக்கியிருந்தால் அதிகம். ஆனால் இந்த மண்ணில் புத்தகம் முதலில் காது வழியாகத்தான் உள்ளே போகும். இது என் வாழ்க்கையில் நான் கண்டுகொண்டது.

என் பாட்டி பீடி சுற்றுகிறவள். மடியில் முறம், அதில் தூள், வெட்டிய இலை, நூல்கண்டு. தெருவில் ஏழெட்டுப் பெண்கள் எங்கள் வீட்டு நடையில் கூடி உட்கார்ந்து சுற்றுவார்கள். கைக்கு வேலை இருக்கும், காது சும்மா கிடக்கும். நான் மூன்றாம் வகுப்பு தாண்டியதும் என்னை நடுவில் உட்காரவைத்துத் தினத்தந்தியைக் கையில் கொடுத்தார்கள். கொலை, கொள்ளை, கன்னித்தீவு, சினிமா விளம்பரம் எல்லாம் படிப்பேன். அப்புறம் பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை. மனசுக்குள்ளே படித்தால் பாட்டிக்குக் கோபம் வரும். "இன்னாடா முணுமுணுக்கிற, வாய்விட்டுப் படி, எங்களுக்கும் கேக்கட்டும்" என்பாள். எழுத்து தெரியாத அந்தப் பெண்கள்தான் எனக்கு முதல் விமர்சகர்கள். நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போடும் இடத்தை நான் அவசரமாகப் படித்துவிட்டேன் என்று மறுபடி படிக்கச் சொன்னார்கள். எந்த இடத்தில் நிதானிக்க வேண்டும் என்பது அந்த நடையில் கற்றது. அதற்குப் பிறகு எந்தப் பேராசிரியரும் அதைவிடத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயசுக்கு மேல் மலைபடுகடாம் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, 583 அடி. உ.வே.சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை அச்சேற்றியபோது வெளியே வந்தது. பாட்டுடைத் தலைவன் நன்னன். அவன் ஊர் செங்கண்மா, அதாவது நம்முடைய செங்கம். சேயாறு அதில் ஓடுகிறது, இன்றைக்கும் செய்யாறு என்ற பெயரில் ஓடுகிறது. பாட்டில் வரும் நவிரமலையை இப்போது பர்வதமலை என்கிறார்கள். பாட்டு யாரைப் பார்த்துப் பேசுகிறது? கூத்தரைப் பார்த்து. பரிசு வாங்கி வரும் கூத்தர் கூட்டம் எதிரே வரும் இன்னொரு கூட்டத்துக்கு நன்னனிடம் போக வழி சொல்கிறது. அதனால் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். நடுவில் ஒரு நீண்ட பகுதி இருக்கிறது. மலையிலிருந்து எழும் ஓசைகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போகும். ஆலையில் கரும்பு நெரிபடும் சத்தம், தினை குற்றும் பெண்களின் வள்ளைப் பாட்டு, இப்படி. மலையை யானையாகவும் அந்த ஓசைகளை அதன் மதமாகவும் சொல்வதிலிருந்துதான் பாட்டுக்கே பெயர் வந்தது. வடாற்காட்டைப் பற்றிய அவ்வளவு பழைய பாட்டு கண்ணை மூடிக்கொண்டு காதால் எழுதினதுபோல இருக்கிறது. உரையோடு படியுங்கள். முதல் தடவை கஷ்டமாகத்தான் இருக்கும். வாய்விட்டுப் படித்தால் கொஞ்சம் இளகும்.

கூத்தரைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, செய்யாறு பக்கம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை இன்றும் தெருக்கூத்து ஆடுகிறது. ஆனால் கூத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். திரௌபதி அம்மன் கோயிலில் 'பாரதம் வைப்பது' என்று சொல்வோம். பதினெட்டு, இருபது நாள் நடக்கும். ராத்திரி கூத்து, பகலில் பிரசங்கம். பிரசங்கியார் வில்லிபாரதத்தை வைத்துக்கொண்டு பாட்டாகப் பாடி, உரை சொல்லி, ஊர்க்கதை கலந்து பேசுவார். பக்கத்தில் ஆர்மோனியம், மிருதங்கம். வில்லிபுத்தூரார் பாடியது 4,000 பாடலுக்கு மேல். அத்தனையும் சொல்ல நேரம் இருக்காது, அவருக்குப் பிடித்த இடத்தைப் பிடித்துக்கொள்வார். கேட்கிறவர்களோ வருஷாவருஷம் கேட்கிறவர்கள். அன்றைக்குப் பகலில் கேட்ட அர்ச்சுனன் தபசை, ராத்திரி கூத்தில் அர்ச்சுனன் வேஷக்காரர் தபசு மரம் ஏறும்போது பார்ப்பார்கள். கடைசி நாள் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் படுகளம். நிலத்தில் வேலை செய்கிற ஒரு கிழவர், கர்ணன் விஷயத்தில் பிரசங்கியார் ஓர் அடியை விட்டுவிட்டார் என்று எழுந்து நின்று சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். பிரசங்கியார் சிரித்துக்கொண்டே அதைப் பாடிவிட்டு மேலே போனார். அந்தக் கிழவர் ஒரு புத்தகமும் வாங்கியிருக்க மாட்டார். அவரை வாசகர் இல்லை என்று எப்படிச் சொல்வது?

இதே மரபின் பெரிய பெயர் காங்கேயநல்லூர். காட்பாடியிலிருந்து எட்டின தூரம். திருமுருக கிருபானந்த வாரியார் 1906-இல் பிறந்த ஊர். அப்பா மல்லையதாசரே அவருக்குப் பள்ளிக்கூடம். ஆயிரக்கணக்கான பாடல்களை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, திருப்புகழையும் கந்தபுராணத்தையும் மகாபாரதத்தையும் எட்டூருக்கும் எடுத்துப் போனார். பிரசங்கத்துக்கு நடுவே குழந்தைகளிடம் கேள்வி கேட்டுப் பரிசு கொடுப்பார். பிரசங்கத்தோடு நிற்காமல் 'திருப்புகழ் அமிர்தம்' என்று பத்திரிகையும் நடத்தினார். எனக்கு பக்தி குறைவு. ஆனாலும் நீண்ட ஒரு விருத்தத்தை நாலு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு சிரிப்போடு கையில் கொடுக்கிற அவர் வித்தையை வேறு எவரிடமும் பார்க்கவில்லை. அவர் சமாதி அந்த ஊரிலேயே இருக்கிறது. ஒரு மாலை நடந்து போய் வரலாம்.

திருப்புகழ் அச்சுக்கு வந்த கதையிலும் காதுதான் இருக்கிறது. 1871-இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் ஒரு வழக்குக்காகச் சிதம்பரம் தீட்சிதர்கள் எடுத்துக்காட்டிய ஒரு திருப்புகழ் அடி வ.த. சுப்பிரமணிய பிள்ளையின் காதில் விழுந்தது. அந்த ருசியில்தான் அவர் ஊர் ஊராகப் பாடல் தேடி அச்சேற்றப் புறப்பட்டார். பாடின அருணகிரிநாதர் நம்ம திருவண்ணாமலைக்காரர்.

சரி, காதை விட்டு அச்சுக்கு வருவோம். வடாற்காட்டு எழுத்து என்றால் முதலில் மு.வ.வைச் சொல்ல வேண்டும். வாலாஜாப்பேட்டை பக்கம் வேலம் கிராமம், 1912. படித்ததும் முதலில் வேலை பார்த்ததும் திருப்பத்தூரில். அவருடைய 'அகல் விளக்கு' 1961-இல் சாகித்திய அகாதமி பரிசு வாங்கியது. இன்றைய தீவிர வாசகர்கள் மு.வ. என்றால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அறிவுரை அதிகம் என்கிறார்கள். அதிகம்தான். நானே இப்போது படித்தால் சில அத்தியாயங்களைத் தாண்டிப் போகிறேன். ஆனால் அந்த நாவல் தொடக்கத்தில் வரும் வாலாஜாவையும் பாலாற்று மணலையும் தாண்ட முடிவதில்லை. பெயரில் பால், ஆற்றில் தண்ணீர்கூட இல்லை, வெறும் மணல் என்று அவர் எழுதினது அறுபது வருஷத்துக்கு முன்னால். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது ஊரே பாலத்தின் மேல் நின்று பார்த்தது. அன்றைக்கு எனக்கு அந்தப் பக்கம்தான் ஞாபகம் வந்தது. இன்னொன்று, அவருடைய கடித நூல்கள்: 'அன்னைக்கு', 'தம்பிக்கு', 'தங்கைக்கு', 'நண்பர்க்கு'. தபால்காரனுக்குக் கடிதம் பிடிக்காமல் இருக்குமா! அவர் அறிவுரையைப் பேச்சுக் குரலில் வைத்துக்கொண்டு படியுங்கள், அவ்வளவாக உறுத்தாது. திருக்குறள் தெளிவுரையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். கையடக்கமான அந்தப் புத்தகம் சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்க்காத மனிதர்களை ஒரு காலத்தில் எண்ணிவிடலாம்.

அடுத்தது வாணியம்பாடி. அது இரட்டை நாக்குள்ள ஊர், நல்ல அர்த்தத்தில். தோல் வணிகம் செய்த உருது பேசும் குடும்பங்கள், 1919-இல் தொடங்கிய இஸ்லாமியாக் கல்லூரி, விடிய விடிய முஷாயிரா. கவிதையை எழுந்து நின்று வாசிப்பார்கள். ஓர் அடி பிடித்துப்போனால் கூட்டம் மறுபடி கேட்கும், கவிஞர் மறுபடி சொல்வார். மதுரைக்காரரான அப்துல் ரகுமான் அந்தக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் சொல்லிக்கொடுத்தார். 'பால்வீதி' 1974-இல் வந்தது, 'ஆலாபனை'க்கு 1999-இல் சாகித்திய அகாதமி. கவியரங்க மேடையில் அவர் வாசிப்பைக் கேட்டவர்கள், அச்சில் பார்க்கும் கவிதை பாதிதான் என்பார்கள். கஜலைத் தமிழில் எழுதிப் பார்த்தவரும் அவரே. உருதுக் கவிதை காற்றில் இருக்கிற ஊரில் முப்பது வருஷம் போலக் குடியிருந்தவருக்கு அது தோன்றியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது எழுதுகிறவர்களில் அழகிய பெரியவனைக் கட்டாயம் படியுங்கள். பேரணாம்பட்டுக்காரர். 'தகப்பன்கொடி'யைப் படித்தால் ஆம்பூர், பேரணாம்பட்டு வழியாகப் பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே தெரிகிற வயலும் தோல் நாற்றமும் வேறு மாதிரி ஆகிவிடும். நிலம் யாருடையது, யாரிடமிருந்து போனது என்ற கேள்வி இந்த மாவட்டத்தில் எவ்வளவு ஆழம் என்பது அதில் இருக்கிறது. வாரியாரும் மு.வ.வும் மட்டும் என்றால் வடாற்காடு ரொம்பச் சாதுவான ஊராகத் தெரியும். அது சாதுவான ஊர் இல்லை.

வந்தவாசியையும் விட்டுவிடாதீர்கள். 1760-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய ஊர். கவிஞரும் நாவலாசிரியருமான அ. வெண்ணிலா அந்த ஊர்க்காரர். அங்கேயிருந்து இயங்கும் அகநி வெளியீடு, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பன்னிரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தது. ஆற்காட்டு நவாபுகள், புதுச்சேரிக் கவர்னர்கள், அரிசி விலை, ஊர் வம்பு எல்லாம் கலந்து கிடக்கிற அந்தக் குறிப்புகளை, அந்தச் சண்டையின் கடைசிக் கட்டம் நடந்த ஊரிலிருந்தே ஒரு பதிப்பகம் போட்டது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மொத்தமாக வாங்கக் காசு வேண்டும். நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டத்திலிருந்து வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், உரிமையோடு கேட்கலாம்.

கல்கி வாசகராக இருந்தால் ஒரு நாள் சைக்கிளையோ வண்டியையோ எடுத்துக்கொண்டு திருவல்லத்துக்குப் போங்கள். வந்தியத்தேவன் வாணர் குலத்தவன், அவன் முன்னோர் ஊர் வல்லம் என்பது நினைவிருக்கும். அப்படியே மேல்பாடி. பாட்டன் அரிஞ்சயனுக்காக ராஜராஜன் எடுத்த கோயில் அங்கே சத்தமில்லாமல் நிற்கிறது. சோழநாட்டுக்குப் போய்ப் பரவசப்படுகிற கூட்டம் இங்கே வருவதில்லை. நல்லதுதான்.

இந்த ஊர்ச் சிறையும் ஒரு வாசகசாலையாக இருந்திருக்கிறது. ராஜாஜி 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை வேலூர்ச் சிறையில் இருந்தபோது எழுதிய நாட்குறிப்பு புத்தகமாக வந்திருக்கிறது. வினோபா பாவே தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்கையும் கற்றுக்கொண்டதும் இங்கே கைதியாக இருந்தபோதுதான். தொரப்பாடி வழியாகப் போகும்போதெல்லாம் அந்த உயர்ந்த சுவரைப் பார்த்து, நமக்குப் படிக்க நேரமில்லை என்று சொல்வதற்கு வெட்கப்பட்டிருக்கிறேன்.

இவ்வளவு பெருமை பேசிவிட்டேன், குறையையும் சொல்ல வேண்டும். காதால் படிக்கிற ஊருக்கு ஒரு வியாதி உண்டு. கேட்டதே போதும் என்று இருந்துவிடுவது. பட்டிமன்றம் கேட்டுவிட்டுக் கம்பராமாயணம் படித்ததாக நினைத்துக்கொள்கிறவர்கள் என் தலைமுறையில் ஏராளம். இப்போது அந்த இடத்தில் செல்போனில் கதைச் சுருக்கம் கேட்கிறார்கள். பத்து நிமிஷத்தில் ஒரு நாவல் முடிந்துவிடுகிறது. என் பேத்தியே அப்படி ஒரு நாவலைப் 'படித்து' என்னிடம் வாதம் செய்தாள். கதை சரியாகத்தான் சொன்னாள், அந்த வீட்டுத் திண்ணை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டேன், முழித்தாள். என் பாட்டியிடம் நான் படித்தது கதைச் சுருக்கம் இல்லை, எழுத்து எழுத்தாகப் படித்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

புத்தகத்தைக் கண்டபடி இரவல் கொடுப்பதும் இந்த ஊர்ப் பழக்கம். வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்து பைண்ட் செய்து வைத்திருந்தேன், பதினோரு புத்தகம். ஒரு நண்பர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிற வழியில் படிக்க எடுத்துப் போனார். அவருக்கு இப்போது பேரன் இருக்கிறான்.

உங்கள் கண்ணில் படாத இன்னும் இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். காந்தி ரோட்டில் வங்காள எழுத்துப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்களுக்காக வைத்தது. லாட்ஜ் வராந்தாக்களில் மாசக்கணக்கில் காத்திருக்கும் அந்த மனிதர்களைப் போலப் படிக்கிறவர்களை நான் கண்டதில்லை. காட்பாடி ஸ்டேஷனில் ஒரு பெரியவர், கண்ணில் கட்டுப் போட்ட மனைவிக்கு ராத்திரி முழுக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. ஷிப்ட் முடிந்தும் அரைமணி நேரம் தூணோரம் நின்று கேட்டேன். இன்னோர் இடம் கோட்டைப் பூங்கா. காலையில் போனால் மரத்தடியில் டி.என்.பி.எஸ்.சி. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்லிப் படிப்பார்கள். சங்க இலக்கியம், மு.வ., அப்துல் ரகுமான் எல்லாம் அங்கே ஒரு மார்க் கேள்வியாக வந்து போகிறார்கள். மனசு வலிக்கும். ஆனால் அவர்களில் ஒரு பெண் மலைபடுகடாத்துக்கு எத்தனை அடி என்று கேட்ட கையோடு "அதுல இன்னாதான் இருக்குது?" என்றும் கேட்டாள். மறுநாள் புத்தகத்தை எடுத்துப் போனேன்.

அந்தப் பெண்ணோடு சேர்த்து நாங்கள் இப்போது ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமை மாலை, காட்பாடியில் அன்றைக்குப் பூட்டியிருக்கும் ஒரு தையல்கடையின் திண்ணையில் உட்காருவோம். பேச்சு, விமர்சனம், சால்வை எதுவும் கிடையாது. ஒருவர் ஒரு கதையையோ ஓர் அத்தியாயத்தையோ முழுசாகப் படிக்க வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும், அப்புறம் டீ. போன மாதம் 'தகப்பன்கொடி' தொடங்கினோம், மெதுவாகத்தான் போகிறது. வருவதாக இருந்தால் ஐந்து மணிக்கு வாருங்கள். எங்களில் ரொம்ப மூத்தவருக்கு இடது காது கேட்காது, அவருக்கு வலப்பக்கமாக உட்கார்ந்து கொஞ்சம் உரக்கப் படிக்க வேண்டியிருக்கும்.